வித்துபோல் வைத்த பணம்

"செலவாக்கத் தெரியாத ஆளுகளுக்கு எதுக்கு பிள்ளே பைசா?"

வட்டார சுகாதார அலுவலகத்தில் எழுத்தர் என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்கு இருபது வயது முடிந்திருக்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வருகிற எங்களைப் பற்றிக் கீழே உள்ளவர்கள் சொல்வதெல்லாம் எனக்குப் பழக்கம்தான். கையில் நாலு காசு கிடைத்தால் குடித்தே தீர்த்துவிடுவார்கள் என்பார்கள். மருந்து கொடுத்தால் தின்ன மாட்டார்கள் என்பார்கள். பணத்தைச் செலவழிக்கவில்லை என்று எங்களை ஒருவர் குறை சொல்லி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அவர் கெட்டவர் அல்ல. என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் வேண்டுமா என்று விசாரித்துவிட்டுத்தான் கேட்டார். அவருக்கு உண்மையாகவே அது புரியவில்லை. அவர் மேசைமேல் சான்றாக விரித்து வைத்திருந்த காகிதத்தில் இருந்தது என்னுடைய கையெழுத்து.

எங்கள் குடியிருப்பு அணைத் தண்ணீருக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கிறது. குலசேகரத்தில் பஸ் ஏறி அணைக்கரைவரை வரலாம். அங்கிருந்து வள்ளத்தில் தண்ணீரைக் கடந்து, பிறகு ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நாங்கள் காணிக்காரர்கள். மரச்சீனி, காச்சில் என்று கிழங்குகள், நல்லமிளகு, கொஞ்சம் ரப்பர், இவைதான் பிழைப்பு. என் அப்பாவுக்கும் அம்மைக்கும் எழுத்து தெரியாது. அண்ணன் பள்ளிக்கூடத்து வாசல்வரை போய்த் திரும்பிவிட்டான். நான் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். எங்கள் வீட்டில் முதல் ஆள். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள எனக்கு இன்றும் வராது.

சுனாமி வந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. இனயத்திலிருந்து கன்னியாகுமரிவரை கடற்கரைக்குத்தான் அரசாங்கத்து வண்டிகள் எல்லாம் போகின்றன என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது மலைக்கும் ஒன்று வந்தது. ஊருக்கு ஒரு சுகாதாரக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவின் பெயரில் ஆண்டுதோறும் ஒரு தொகை வங்கியில் போடப்படும். இன்னதற்குத்தான் என்ற கட்டாயம் கிடையாது, ஊரின் ஆரோக்கியத்துக்கு எது தேவையோ அதை ஊரே கூடித் தீர்மானிக்கலாம். இதை எங்களுக்குச் சொன்னவர் கிராம சுகாதாரச் செவிலியர். மாதம் ஒருமுறை தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வள்ளத்தில் வருவார். எங்களுக்கு அவர் சிஸ்டர்.

குழுவுக்குத் தலைவியாக மூட்டுக்காணியின் மனைவியைத் தேர்ந்தெடுத்தார்கள். மூட்டுக்காணி என்றால் எங்கள் குடியின் தலைவர். அவர் மனைவியை நான் மாமி என்று கூப்பிடுவேன். ஊரில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேரை முதலில் கையில் வாங்கியவர் மாமிதான். என்னையும் அவர்தான் வாங்கினார். கூட்டத்தின் தீர்மானங்களை எழுத ஒரு ஆள் வேண்டுமென்று சிஸ்டர் கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்று நோட்டை வாங்கிக்கொண்டேன்.

முதல் கூட்டத்தில் சிஸ்டர் பலவற்றைச் சொன்னார். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கலாம் என்றார். ஊசி போடுகிற கொட்டகைக்கு மேசை, நாற்காலி வாங்கலாம் என்றார். மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பைசா அப்படியே இருக்கட்டும் என்றார்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு இது விளங்காது. காச்சில் தோண்டியதும் நல்ல கிழங்காகப் பார்த்து வித்துக்கு எடுத்து, சாம்பல் பூசிப் பரணில் ஏற்றிவிடுவோம். ஆடி மழையில் அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாத வீட்டிலும் பரணில் வித்து இருக்கும். பசித்த பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே படுத்துக்கிடக்கும். யாரும் அதைத் தொட மாட்டார்கள். தொட்டவர்களைப் பற்றி ஊரில் நாலு தலைமுறைக்குப் பேசுவார்கள். மாமிக்கு அரசாங்கப் பணமும் பரணில் ஏற்றிய வித்துதான். ஒரு காலத்தில் மலைச்சுரம் வந்து வீடு வீடாக ஆட்கள் செத்த கதையை அவர் அம்மை சொல்லிக் கேட்டவர் அவர். அப்படி ஒரு பெரிய நோக்காடு மறுபடியும் வரும், அன்றைக்கு எடுப்போம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

அன்று நோட்டில் நான் எழுதியதை இன்னும் வரி பிசகாமல் சொல்வேன்: "ஒதுக்கப்பட்ட தொகையைத் தற்போது செலவழிக்க வேண்டிய தேவை எழவில்லை என இக்கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது." செய்தித்தாள் படித்துப் பிடித்துக்கொண்ட நடை. 'ஒருமனதாக' என்ற சொல்லை எழுதிவிட்டு அதை நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். மறு வருஷமும் அதே வரியை, இன்னும் அழகாக, எழுதினேன். பாஸ்புத்தகம் மாமியின் தகரப் பெட்டிக்குள் துணியில் சுற்றி இருந்தது. கீழே உள்ளவர்கள் எதைக் கொடுத்தாலும் அழிப்பார்கள், நாங்கள் அப்படியல்ல என்று எங்கள் ஊருக்கே ஒரு பெருமிதம்.

மூன்றாம் வருஷம் பணம் வரவில்லை. சிஸ்டர்தான், நீயே போய்க் கேள், உன் எழுத்து அவர்களுக்குத் தெரியும் என்று என்னை அனுப்பினார். அப்படித்தான் அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். தேவை எழவில்லை என்று நீங்களே எழுதித் தந்திருக்கிறீர்கள், தேவை இருக்கிற ஊர்கள் எத்தனையோ காத்திருக்கின்றன என்று எழுத்தர் விளக்கினார். மார்ச் முடிவதற்குள் பழைய பணத்தைச் செலவழித்து, எதற்கு என்று கணக்கும் காட்டினால் அடுத்த ஆண்டு மறுபடி ஒதுக்குவார்கள். இல்லையென்றால் எங்கள் ஊரின் பெயர் பட்டியலில் இருக்காது. மார்ச் முடிய ஒரு மாதம்கூட இல்லை.

வள்ளத்தில் திரும்பி வரும்போது எனக்கு ஊரின் ஞாபகத்தைவிட மைனியின் ஞாபகம்தான் அதிகம் இருந்தது.

மைனி என் அண்ணன் மனைவி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அது இரண்டாவது. முதல் பிள்ளைக்கு நோவு எடுத்தது அதற்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முன்னால், ஐப்பசியில், ஒரு பகல் பொழுதில். மாமி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது என் கைக்கு நிற்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். போர்வையைக் கம்பில் கட்டித் தூளியாக்கி மைனியை அதில் கிடத்தி, நாலு பேர் மாறி மாறித் தோள் கொடுத்து மழையில் தண்ணீர்க் கரைக்குக் கொண்டு வந்தார்கள். ஓடுகிற வள்ளம் எங்கள் பக்கத்தில் இல்லை. சந்தைக்குப் போனவர்களோடு அக்கரையில் கிடந்தது. எங்கள் கரையில் பழைய வள்ளம் ஒன்று இருந்தது. பலகை விட்டுப்போய்க் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அண்ணன் கரையில் நின்று கூவினான். மழைச் சத்தத்தில் அக்கரைக்குக் கேட்கவில்லை. பிள்ளை அங்கேயே பிறந்தது, மாமியின் கையில். அழவில்லை.

அதன்பிறகு மைனி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்பெல்லாம் என் பாவாடை நீளத்தைக்கூடக் கேலி செய்கிறவள். இப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஆனி மாதம் நாள் குறித்திருந்தார் சிஸ்டர். ஆனி என்றால் எங்களுக்கு மழை உச்சத்தில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டோம். அலுவலகத்தில் சொன்னதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். மாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, வித்தை அவிச்சுத் தின்னச் சொல்லுதியா?"

நான் இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வள்ளத்திலேயே யோசித்து வைத்தது. வித்தை நடாமல் பரணிலேயே வைத்திருந்தால் சுருங்கித்தானே போகும் மாமி என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே தோன்றியது.

மாமி சிரித்தார். "நடுகதுக்கு எனக்குப் படிப்பிச்சுத் தாறியா? பைசாவை எந்தக் குழியில நடணும், எந்த மாசம் தோண்டணும், அதையும் அந்தப் பன்னிரண்டாம் கிளாசுல சொல்லித் தந்தினுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார். முகம் சுட்டது. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். இந்த ஊருக்காக அலைந்தது போதும், இனி இவர்கள் பாடு என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அது உண்மை.

மைனி கூட்டத்தின் கடைசியில், வாசற்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பேசப்போகிறாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நோக்காடு வரச்சில எடுக்கலாம்ணு சொன்னியோ மாமி. அண்ணைக்கு வந்துதே. எடுக்கலியே."

முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில் பணம் இருந்தது. ஒரு வள்ளத்தின் ஒழுகலை அடைப்பதற்கு மேலாகவே இருந்தது. தண்ணீர்க் கரையில் நின்ற எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. பெரிய நோக்காடு என்றால் ஊரையே அள்ளிக்கொண்டு போவதுதான் என்று நினைத்திருந்தோம். ஒரு பெண்ணுக்கு வருவதை அந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவே இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த நான்கூட. தேவை எழவில்லை என்று அதற்குப் பிறகும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். பிள்ளையைப் புதைத்து ஆறு மாதம்கூட ஆகாதபோது. அந்த எழுத்தை நினைத்தால் எனக்கு இன்றும் விரல் கூசுகிறது.

மாமி மடித்த வெற்றிலையை வாயில் போடவில்லை. எழுந்து போய்விட்டார். கூட்டம் அப்படியே கலைந்தது.

மறுநாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நேராக மைனியிடம் போய் உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். மைனி காலை இழுத்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் அப்படி இருந்திருப்பார்கள். போகும்போது துணியில் சுற்றிய பாஸ்புத்தகத்தை என்னிடம் தந்தார்.

"ஆனிக்கு முன்ன அந்த வள்ளம் தண்ணியில கெடக்கணும்" என்றார். "எழுதிக்கோ."

புது வள்ளம் போல் பெரிய பொருள் வாங்க அந்தப் பணத்தில் அனுமதி இல்லை. பழுது பார்க்கலாம், நோயாளியைக் கொண்டுபோக வேண்டியதை வாங்கலாம் என்று, போய்க் கேட்டபோது எழுத்தர் சொன்னார். கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்தை நிமிர்த்தினோம். பலகை மாற்றினோம். குலசேகரத்திலிருந்து ஒழுகலை அடைக்கும் கீல், கயிறு, தார்ப்பாய் எல்லாம் வந்தன. மடக்கித் தூக்குகிற ஸ்ட்ரெச்சர் ஒன்றை நாகர்கோவில்வரை போய் சிஸ்டர் வாங்கி வந்தார். மழை மாதங்களில் அந்த வள்ளம் எங்கள் கரையை விட்டுச் சந்தைக்கோ வேறு எதற்குமோ போகக் கூடாது என்றும், வாரம் ஒரு வீட்டுக்காரர் கரையில் காவல் இருக்க வேண்டும் என்றும் மாமி சட்டம் போட்டார். முதல் வாரம் தன் கணவரையே உட்கார வைத்தார். மூட்டுக்காணி குடையும் பீடியுமாக அங்கே இருந்ததைப் பார்த்த பிறகு வேறு யாருக்கும் மறுக்க வாய் வரவில்லை.

மார்ச் முடிய நாலு நாள் இருக்கும்போது கடை ரசீதுகளைக் கொண்டுபோய் எழுத்தரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர் ஒரு ரசீதில் நின்றுவிட்டார்.

"கீலா? இது எந்தச் சூக்கேட்டுக்கு மருந்து பிள்ளே?"

"வள்ளத்துக்கு சார். ஒழுக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு அந்த ரசீதின் ஓரத்தில், கர்ப்பிணிகளை ஏற்றிச் செல்லும் வள்ளத்தைப் பழுது பார்த்ததற்கு என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே யாராவது கேட்டால் தானே பதில் சொல்வதாகச் சொன்னார்.

மைனிக்கு நோவு எடுத்தது ஆனி கடைசியில், காலை பத்து மணி இருக்கும். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் போனுக்கு டவர் கிடைப்பது மேலே ஒரு பாறையில் மட்டும்தான். நான் ஓடிப்போய் ஆம்புலன்சைக் கூப்பிட்டு, அக்கரையில் வந்து நிற்கச் சொன்னேன். நான் கரைக்கு வருவதற்குள் ஸ்ட்ரெச்சரில் மைனி வந்துவிட்டாள். வள்ளம் தண்ணீரில் கிடந்தது. அண்ணன் துடுப்பை எடுத்தான். அந்த வாரக் காவல்காரர் மறு துடுப்பை எடுத்தார். மாமி ஒருபக்கம், நான் ஒருபக்கம். மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டோம்.

நடுத் தண்ணீரில் காற்று மாறியது. வள்ளத்தை அது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. சாதாரணமாக இருபது நிமிஷத்தில் கடக்கிற தண்ணீர். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தார்ப்பாயின் கீழே இருட்டாகவும் வெம்மையாகவும் இருந்தது. மைனி என் கையைப் பிடித்திருந்தாள். எதையாவது சொல்லிக்கொண்டே இரு என்றாள். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த அறிவியல் பாடத்தை, இதயத்தின் நான்கு அறைகளை, சொல்லிக்கொண்டு வந்தேன். நோவு விட்ட இடைவெளியில் மைனி கேட்டாள்.

"இம்புட்டு அறையும் எனக்க உள்ளயா இருக்கு?"

"உனக்கும் உண்டு, பிள்ளைக்கும் உண்டு."

"அப்பம் எட்டு" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் பழைய கேலியைப் பார்த்தேன். அடுத்த நோவு வந்து அதைக் கொண்டுபோய்விட்டது.

ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து அரை மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது. நன்றாக அழுதது. மாமி அதற்குமுன் ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததில்லை. பிரசவ அறைக்கு வெளியே சுவரோரம் குந்தியிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தார். நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்து, யார் வாங்குகிறீர்கள் என்று கேட்டபோது, அந்தக் கைகளை மாமி மடக்கிக்கொண்டார். என்னைத்தான் வாங்கச் சொன்னார். நான் வாங்கவில்லை. நீங்களே வாங்குங்கள் மாமி என்றேன். வாங்கினார். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டாம், அழட்டும் என்றார் மாமி. பிள்ளையின் கையில் கட்டியிருந்த சீட்டில் எடை எழுதியிருந்தது. அதை என்னிடம் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்த ஆண்டு பணம் மறுபடி வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நடுத் தண்ணீரில் கழிந்த அந்த ஒரு மணி நேரம் என்னைவிட்டுப் போகவில்லை. வள்ளம் இருந்தது, ஆள் இருந்தார்கள், தார்ப்பாய் இருந்தது. ஆனாலும் காற்று இன்னும் கொஞ்சம் பலமாக அடித்திருந்தால் பிள்ளை தண்ணீரில்தான் பிறந்திருக்கும். நோவு எடுத்த பிறகு கடப்பது என்பதே பிசகு. நாள் நெருங்கியவர்கள் ஒரு வாரம் முன்னாலேயே சாலை உள்ள கரைக்கு வந்து, துணைக்கு ஒரு ஆளோடு தங்கிச் சமைத்துச் சாப்பிட ஓர் அறை வேண்டும். இதைச் சொன்னபோது எழுத்தர், கட்டடம் என்றால் உங்கள் குழுப் பணத்துக்குள் அடங்காது, கலெக்டர் அலுவலகம்வரை போக வேண்டும், வருஷங்கள் ஆகும் என்றார். எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்லித் தந்தார்.

அப்படி எழுதிய மனுவோடு போன திங்கட்கிழமை நாகர்கோவிலில் மனுக் கொடுக்கும் வரிசையில் நின்றேன். மாமியின் கைநாட்டு முதலிலும், மைனியின் கைநாட்டு அடுத்ததாகவும், தண்ணீருக்கு அப்பால் உள்ள மூன்று குடியிருப்புகளின் கைநாட்டுகள் அதற்குக் கீழும் இருந்தன. இந்த அறை கட்டினால் யார் வந்து தங்குவார்கள், உங்கள் பெண்கள் வீட்டை விட்டு வருவார்களா என்று மனுவை வாங்கியவர் கேட்டார். கர்ப்பிணிகளாக இருக்கிற நாலு பேரின் நாள்களை ஒரு தாளில் எழுதி மனுவோடு வைத்திருந்தேன். அதைக் காட்டினேன்.

அந்த நால்வரில் முதலாமவளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. அணைக்கரையில் ரப்பர் பால் வெட்டுகிற ஓர் அக்காவின் வீட்டில் பின்னறை ஒன்று சும்மா கிடந்தது. கேட்டேன், சரி என்றார். நேற்று மத்தியானம் அவளையும் அவள் அம்மையையும், ஒரு பானை, ஒரு சாக்கு மரச்சீனியோடு, வள்ளத்தில் கூட்டி வந்து அங்கே இறக்கிவிட்டேன்.